வாப்பாவின் காரும் மாமி மகளும்

சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடிப்பதற்குப் பதிலாக, தகரத்தை நகத்தால் தட்டுவதுபோல ‘டக், டக்’ என்றொரு சத்தம் மட்டும் வரும். அடுத்த கணம் ஸ்டியரிங்குக்கு முன்னாலிருந்த சிவப்பு விளக்கும் மங்கி அணைந்துவிடும். எனக்குப் பதின்மூன்று வயதான வருடத்து மாரியில், மருதமுனையில் எங்கள் முற்றத்தில் நின்ற வாப்பாவின் பழைய வெள்ளைக் கார் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை இப்படித்தான் செத்துக் கிடந்தது. அதைச் சாகடித்தவள் நான்.

வாப்பா வீடுகளுக்கு மின்சார ‘வயரிங்’ செய்பவர். ஒரே பிள்ளையான நான், மின்சாரம் அளக்கும் அவருடைய முள் மீட்டரைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமைகளில் அவர் வேலை செய்யும் வீடுகளுக்கெல்லாம் போவேன். காரின் முன் ஆசனம் எனக்குரியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அந்த வருடம் வாப்பாவின் தங்கை, என் மாமி, சவூதிக்கு வேலைக்குப் போனார். அவர் மகள் ரிஹானா, என் வயதுக்காரி, எங்களோடு தங்க வந்தாள்.

மீட்டரை நான் வருடக்கணக்காகத் தூக்கியிருந்தேன். அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றியதில்லை. அவளோ வந்த இரண்டாம் கிழமையே, “முள்ளு ஏன் மாமா அங்கால போய் நிக்கிது?” என்று கேட்டாள். வாப்பா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு நிலத்தில் குந்தியிருந்து விளக்கினார். அதன்பின் அவருக்கு வாய் ஓயவில்லை. “இவளுக்கு வயரோட கதைக்கத் தெரியும்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். முன் ஆசனம் அவளுக்குப் போக, பின் ஆசனத்தில் இருந்து அவளுடைய பின்னலைப் பார்த்துக்கொண்டே போன அந்தச் சனிக்கிழமைகளில் எனக்குள் மூண்டது எரிச்சல்தான். அதற்கு இன்றுவரை நான் நல்ல பெயர் தேடவில்லை.

கார் ஓடாவிட்டால் வாப்பா சைக்கிளில் தனியாகப் போவார், யாரையும் கூட்டிப்போக மாட்டார் என்பதை நான் கவனித்திருந்தேன். டிக்கியின் மூடி சரியாகப் பூட்டாவிட்டால் உள்ளே ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். என் பழைய சட்டையிலிருந்து மஞ்சள் பூப்போட்ட துண்டொன்றைக் கிழித்து, மாலையில் மஃரிபுக்கு முன்னர் டிக்கிப் பூட்டுக்குள் திணித்து மூடுவேன். விடியற்காலை சுபஹுக்கு எழும்பியதும் முதல் வேலையாக அதை எடுத்துவிடுவேன். பெட்டரி பழையது. சில நாட்கள் தொடர்ந்து செய்தால் போதும்.

வாப்பா முதலில் பெட்டரியின் முனைகளில் பூத்திருந்த வெள்ளைத் தூளைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினார். பிறகு கடையில் கொடுத்துச் சார்ஜ் ஏற்றினார். “பெட்டரி நல்லம் எண்டுதான் கடைக்காரனும் சொல்றான். டைனமோதான் பழுது போல” என்று தலையைச் சொறிந்தார். நான் பக்கத்தில் நின்று மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் விடியற்காலை உம்மாவுக்கு மூச்சு முட்டியது. அவருக்கு இழுப்பு இருந்தது, ஆனால் உதடு நீலமானதை நான் அன்றுதான் கண்டேன். வாப்பா அவரைத் தூக்கி வந்து காரில் ஏற்றிச் சாவியைத் திருப்பினார். அந்தச் சத்தம் மட்டும் வந்தது. மறுபடியும் திருப்பினார். “உம்மா, உம்மா” என்று கத்தியதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. காக்கா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோவை எடுத்து வந்து எங்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டு கல்முனைக்குப் பறந்தார். ஆஸ்பத்திரியில் மூக்கில் மருந்துப் புகை பிடித்து, ஊசி போட்டு, உம்மா கதைக்கத் தொடங்க ஒரு மணித்தியாலம் ஆயிற்று. கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் சொல்லத் தொடங்கியதை வாப்பா முடிக்க விடவில்லை.

உடுப்பு எடுக்க வாப்பாவும் நானும் வீட்டுக்கு வந்தபோது ரிஹானா காரின் பொனட்டைத் திறந்து வைத்திருந்தாள். ஆட்டோவில் இடமில்லாமல் அவளை விட்டுவிட்டுப் போயிருந்தோம். அயல்வீட்டு வேனிலிருந்து வயர் போட்டு வாப்பா எஞ்சினை இயக்க, அவள் மீட்டரைப் பிடித்தாள். முள் பதினான்கு வோல்ட்டைத் தாண்டி நின்றது.

“டைனமோவும் நல்லம், மாமா. எஞ்சின் நிக்கக்குள்ள என்னவோ ஒண்டு இதக் குடிக்கிது” என்றாள்.

எஞ்சினை நிறுத்தி, பெட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, இடையில் மீட்டரை வைத்தார்கள். எல்லாம் அணைந்திருந்தும் முள் அசைந்தது. அவள் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஐந்தாவதைக் கழற்றியதும் முள் படுத்துவிட்டது.

“அது உள் லைட்டுக்குரியது. உள்ளுக்கு ஒண்டும் எரியல்லயே” என்றார் வாப்பா.

அவள் பின்பக்கம் நடந்தாள். அன்று காலை அந்தத் துணியை எடுக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. டிக்கியைத் திறந்தாள், குனிந்தாள், நிமிர்ந்தபோது என்னைத்தான் பார்த்தாள். மஞ்சள் பூவை அவளுக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை, நாங்கள் ஒரே அலுமாரியில் உடுப்பு வைத்தவர்கள்.

“என்னகா அது?” என்றார் வாப்பா.

“பூட்டுக்குள்ள பழந்துணி சிக்கியிருந்திச்சு, மாமா. அதான் மூடி பூட்டல்ல.”

வாப்பா அவளுடைய தலையைத் தடவினார். காட்டிக் கொடுத்திருந்தால் அடி வாங்கி அழுதிருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும். நல்லவளாகவும் அவளே இருந்துவிட்டது எனக்குத் தாங்கவில்லை. அடுத்த வருடம் மாமி திரும்பி வந்து அவளைக் கூட்டிப்போகும்வரை நான் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இப்போது வாப்பா இல்லை. காரை அதற்கு முன்னரே விற்றுவிட்டோம். அது நின்ற முற்றத்தில் நான் இரண்டு அறைகள் கட்டியிருக்கிறேன். தொழில்நுட்பக் கல்லூரியொன்றில் படிப்பிக்கும் ரிஹானா போன மாதம் வந்திருந்தபோது, அந்தத் துணி நான் வைத்தது என்று ஒருவழியாகச் சொன்னேன்.

“தெரியும் மச்சி” என்றாள்.

“பொறகு ஏன் சொல்லல்ல?”

“சொல்லத்தான் இருந்தன். விடியக்குள்ள நீ ‘உம்மா’ எண்டு கத்தக்குள்ள எனக்கு உன்னில அவ்வளவு எரிச்சல். எனக்குக் கூப்பிட ஆளில்லயே. ஆனா சொன்னா மாமா உன்னோட கதைக்க மாட்டாரு. உங்களப் பிரிச்சவளா நான் அந்த ஊட்டுல எப்படி இருக்கிற?”

அந்த நேரம் குசினிக்குள்ளிருந்து உம்மா, “ரிஹானா, வா கிளி, சோறு ஆறுது” என்று கூப்பிட்டார். அவள் பெயரை மட்டும்தான் சொன்னார். நெஞ்சுக்குள் அந்தப் பழைய எரிச்சல் ஒரு பொட்டு சுருக்கென்று சுட்டது. அவளுக்கு முன்னால் எழும்பிப் போய், மூன்று பேருக்கும் நானே சோற்றுக் கோப்பை எடுத்து வைத்தேன்.