பூனைக்கு முன்னால முகம் கழுவுன சுண்டெலி

எங்க விஜயகலாவை "எலி டீச்சர்"னு யாராச்சும் கேலி பண்ணா எனக்குக் கெட்ட கோவம் வரும். எஹலியகொட பஸ்ஸுல ஒருத்தன் அப்பிடிச் சொல்லிச் சிரிச்சான். நான் எறங்குற எடம் தாண்டியும் எறங்காம, அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டுத்தான் எறங்குனேன். அந்த எலி என்ன செஞ்சிச்சுன்னு தெரியாம வாயத் தொறக்கப்படாது. தெரிஞ்சுக்கிட்டா அவனே எந்திரிச்சு நின்னு அவளுக்கு சீட்டு குடுப்பான்.

விஜயகலா எங்க தோட்டத்து லயத்து வரிசை வீட்டுலயே பொறந்தவ. அப்பா செல்லையா அண்ணன் ரப்பர் மரத்துல பால் வெட்டுனவரு. அவ அட்டன் டவுன்ல சொந்தக்காரங்க வீட்டுல தங்கி, அவங்க சட்டி பானையெல்லாம் கழுவிக்கிட்டே ஏ லெவல்ல, பன்னெண்டு பதிமூணாம் வகுப்புல, விஞ்ஞானம் படிச்சா. பாஸ் பண்ணிட்டு நேரா நம்ம தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து தொண்டர் ஆசிரியையா நின்னா. சம்பளம் கெடையாது. "உனக்கென்ன கிறுக்காடி?"ன்னு நான் மூஞ்சிக்கு நேராவே கேட்டேன். "நம்ம புள்ளைகளும் படிக்கிறதுக்காக அடுத்த வீட்டுச் சட்டியக் கழுவணுமாக்கா?"ன்னா.

2002ல என் மக ஷாமிளா பதினோராம் வகுப்பு ஓ லெவல் நல்லா பாஸ் பண்ணிட்டா. விஞ்ஞானம்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. தமிழ்ல அதைப் படிக்க எங்க பக்கத்துல எங்கயும் வகுப்பு இல்லை. தேயிலைக் கொழுந்து எடுக்குற நான் அவளை அட்டனுக்கு அனுப்பி எப்பிடிப் படிக்க வைக்கிறது? கடைக்கார கபூர் நானா கொழும்புல ஒரு புடவைக்கடையில வேலை பாத்துக் குடுத்தாரு. அவரு நல்ல மனுஷன், புள்ளைய பத்திரமா வச்சுக்குவாங்கன்னாரு. ஷாமிளா மூணு பாவாடையும் சட்டையும் மடிச்சு பேக்குல வச்சிட்டு, என்கிட்ட பேசுறதையே நிறுத்திட்டா.

அப்பத்தான் விஜயகலா ஓடி வந்தா. "இராஜக்கா, அவளை அனுப்பிறாதீங்க. நம்ம பள்ளிக்கூடத்துலயே விஞ்ஞான வகுப்பு கேட்டிருக்கேன். அதிகாரி பாக்க வர்றாரு."

"லேப் இருக்கா நம்மகிட்ட?"

"இல்லை."

"வேற என்னத்தடி இருக்கு?"

"எலி இருக்கு"ன்னா.

பள்ளிக்கூடத்து அரிசி மூட்டைக்குள்ள கெடந்த ரெண்டு சுண்டெலிக் குஞ்ச அவ எடுத்து வளத்துக்கிட்டு இருந்தா. பொறந்ததுல இருந்து பூனையக் கண்ணால கண்டதில்லை ரெண்டும். என் பூனை படுக்குற சாக்க வாங்கிட்டுப் போயி, பழைய தேயிலைப் பெட்டிக்குள்ள ஒரு ஓரமா விரிச்சா. அந்த வாசம் பட்டதுதான் தாமசம், ரெண்டு எலியும் எதிர் மூலையில போயி ஒட்டிக்கிச்சு. பூனைன்னா என்னன்னே தெரியாது, ஆனா மூக்கு சொல்லிருச்சு பாருங்க!

பொறகு தேயிலைக்குத் தெளிக்கிற ஸிங்க் சல்பேட்டக் கொஞ்சம் தண்ணியில கரைச்சு ஒரு எலியோட மூக்குல சொட்டு விட்டா. மத்ததுக்கு வெறும் உப்புத்தண்ணி. மருந்து விட்டதுக்கு மட்டும் வாலுல சிவப்பு மை. மூக்குக்குள்ள வாசத்தைப் பிடிக்கிற வாங்கிகள் இருக்காம், இந்த மருந்து அதைக் கொஞ்ச நாளைக்கு மூடிருமாம், பொறகு தானா சரியாயிருமாம். அவ அம்மா இலட்சுமியக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "புள்ளையாரோட வாகனத்துக்குடி மருந்து விடுற! குடும்பம் வெளங்குமா?" விஜயகலா புள்ளையாருக்கு ஒரு தேங்கா நேர்ந்துகிட்டு வேலையப் பாத்தா. சிவப்பு வால் போயி அந்தப் பூனைச் சாக்கு மேலயே சொகமாத் தூங்குச்சு. புள்ளைக எல்லாம் பாத்து வாயப் பொளந்துச்சுக.

அதிகாரி வர்றதுக்கு முந்தின நாள் தோட்டமே கூடிக் கூட்டிப் பெருக்கி சிரமதானம் பண்ணுச்சு. நம்ம ஆளுகளப் பத்தித்தான் தெரியுமே, பெரிய மனுஷன் வர்றாருன்னா மண்ணையும் கழுவுவாங்க. விடிஞ்சதும் வாழை மரம், தோரணம், வகுப்பு பூரா சாம்பிராணிப் பொகை.

அதிகாரி முக்தார் சேர் வந்தாரு. மாலையப் போட்டாங்க. கழட்டி மேசையில வச்சிட்டு, "லேப் இல்லாம விஞ்ஞான வகுப்புத் தர ஏலாது பிள்ளை. சரி, என்னமோ காட்டுறன்னீங்களே, காட்டுங்க"ன்னாரு.

ரெண்டு எலியையும் பெட்டிக்குள்ள விட்டா. அட கடவுளே! ரெண்டும் ஒண்ணா அந்தச் சாக்கு மேல ஏறி வெளையாடுதுக. சேர் எட்டிப் பாத்தாரு. "ரெண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கு?" ஷாமிளாவத் திரும்பிப் பாத்தேன், அவ கண்ணு கலங்கிப் போயி நிக்கிறா.

விஜயகலா சாக்க எடுத்து மோந்து பாத்தா. "அம்மா, இதை யாரு தொவச்சது?"

"நான்தான்!" இலட்சுமியக்காவுக்கு அப்பிடி ஒரு பெருமை. "பெரியவங்க வர்ற எடத்துல பூனை மூத்திரச் சாக்கா போடுறது? சன்லைட் சவுக்காரம் போட்டு அடிச்சுத் தொவச்சு, பன்னீரும் தெளிச்சிருக்கேன்."

நானா இருந்தா அந்த எடத்துலயே குந்தி ஒப்பாரி வச்சிருப்பேன். விஜயகலா ஒரு நிமிஷம் கண்ண மூடித் தொறந்தா. "சேர், பெட்டிய வெளிய காத்துக்குக் கொண்டு போவோம். இராஜக்கா, உங்க பூனைய அப்பிடியே தூக்கிட்டு வாங்க!"

என் பூனை லேசுப்பட்டது இல்லை. லயத்து நாயெல்லாம் அதைக் கண்டா ஒதுங்கிப் போகும். நான் ஓடுன ஓட்டம் கொழுந்து நிறுக்கப் போறப்பகூட ஓடுனதில்லை. அடுப்படியில அமுக்கிப் பிடிச்சேன், கை ரெண்டையும் பிறாண்டிருச்சு. கம்பிவலைக் கோழிக்கூட்டுக்குள்ள அடைச்சு, கூட்டோட தேயிலைப் பெட்டிக்குப் பக்கத்துல வச்சேன். பெட்டியோட அந்தப் பக்கப் பலகைய விஜயகலா கழட்டிட்டா. நடுவுல கம்பிவலை மட்டும்தான்.

உப்புத்தண்ணி எலி அப்பிடியே ஒறைஞ்சு போயி மூலையில பந்தா சுருண்டுகிச்சு. சிவப்பு வால் என்ன செஞ்சிச்சு தெரியுமா? நேரா கம்பிவலைக்கிட்ட போச்சு. பூனை மொறைக்குது, உறுமுது. இது பாட்டுக்கு அதுக்கு மூஞ்சிக்கு முன்னால பின்னங்கால்ல குந்தி, முன்னங்கால் ரெண்டாலயும் மீசையத் தடவி முகம் கழுவுது! என் பூனைக்கு வந்த அவமானம் கொஞ்ச நஞ்சமில்லை. சேரோட சிங்கள டிரைவர் "அம்மோ, பூஸாட்ட பய நெஹெ நே!"ன்னு கத்திட்டான். பூனைக்குப் பயமில்லையேன்னு அவனுக்கு அப்பிடி ஒரு ஆச்சரியம்.

சேர் லேசுல விடல்ல. "இதுக்குக் கண்ணு தெரியாதோ என்னவோ?"

"ரெண்டுக்கும் கண்ணு தெரியும் சேர்"னு விஜயகலா ஒரு பாக்குத் துண்ட அதோட மூஞ்சிக்கு நேரா சட்டுனு நீட்டுனா. சிவப்பு வால் டக்குனு விலகிச்சு. "ரெண்டும் பூனையப் பாக்குது. வித்தியாசம் மூக்குலதான்."

அவரு சட்டுனு புள்ளைகள் பக்கம் திரும்புனாரு. என் மகளக் கை காட்டுனாரு. "நீங்க சொல்லுங்க மகள். மத்த எலிக்கு எதுக்கு உப்புத்தண்ணி விட்டீங்க? சும்மா விட்டிருக்கலாமே?"

ஷாமிளா ஒரு அடி முன்னால வந்தா. பொறகு தெளிவாச் சொன்னா: "சும்மா விட்டிருந்தா, பிடிச்சு மூக்குல சொட்டு விட்டதுனால பயம் போச்சா, மருந்துனால போச்சான்னு தெரியாது சேர். ரெண்டையும் ஒரே மாதிரி பிடிச்சோம், ஒரே மாதிரி சொட்டு விட்டோம். மருந்து ஒண்ணுதான் வேற."

முக்தார் சேர் வகுப்புக்குள்ள போனாரு. மேசையில கெடந்த மாலைய எடுத்துட்டு வந்தாரு, விஜயகலா கையில குடுத்தாரு. "லேப் இல்லைன்னு எழுதத்தான் வந்தேன். லேப் நான் தேடித் தாறேன். வகுப்பத் தொடங்குங்க"ன்னாரு.

ஐயோ, அன்னிக்கி நாங்க போட்ட சத்தம்! காலையில வேலைக்கு ஆள் கூடுற பிரட்டுக்களம் வரைக்கும் கேட்டிருக்கும். இலட்சுமியக்கா அழுதுகிட்டே எலிக்குத் திருஷ்டி சுத்துனாங்க. எலிக்கு மூக்க அடைச்சாத்தான் பயம் போச்சு. விஜயகலாவுக்கு வர்ற ஆபத்தெல்லாம் நல்லாவே தெரிஞ்சிருந்திச்சு, தெரிஞ்சுதான் அவ நின்னா.

வகுப்பு தொடங்குன கொஞ்ச நாள்ல சிவப்பு வாலுக்கும் மூக்கு சரியாயிருச்சு. என் பூனை வாசம் பட்டதும் விஜயகலா சட்டைக் கைக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிச்சு, புள்ளைக கை தட்டுச்சுக. அவளுக்கு நிரந்தர நியமனமும் வந்திச்சு.

அதிகாரி வந்துட்டுப் போன அன்னிக்கி வீட்டுக்கு வந்ததும் நான் மொத வேலையா அந்த பேக்கக் கட்டுல்ல கொட்டுனேன். பாவாடை சட்டையெல்லாம் திரும்பக் கொடியில தொங்கப் போட்டேன். ஷாமிளா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. "என்னடி பாக்குற? இனி இதுலதான் பொஸ்தகம் கொண்டு போகணும், புதுசெல்லாம் வாங்க ஏலாது"ன்னு சத்தம் போட்டேன்.

"சரிம்மா"ன்னா. எத்தனையோ நாளைக்குப் பொறகு அவ என்கிட்ட பேசுன மொதப் பேச்சு அது.