கம்பெனியையும் சேர்த்துச் சுற்றிய மலை

எங்கள் ஊர் மலை பெரிய மலை இல்லை. பாறையும் வேலிகாத்தான் முள்ளும் மூடிய கரடு, உச்சியில் முருகன். கிழக்கே படிக்கட்டு. மேற்கே அடிவாரத்தை ஒட்டி ஒரு ஓடை. மேலேரி நிரம்பினால் கீழேரிக்குத் தண்ணீர் அதில்தான் இறங்கும். ஓடைக்கும் பாறைக்கும் நடுவே மாட்டுவண்டி போகிற அகலத்தில் ஒரு தடம். மலையை வலம் வருகிறவர்களுக்கு அதை விட்டால் வழி கிடையாது.

ஒரகடம் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த சமயம் என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. அவள் எழுந்து நடந்தால் இருவருமாக மூன்று சுற்று வருகிறோம் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். உடம்பு தேறியதும் ஒரு கிருத்திகை காலையில் கிளம்பினோம்.

தெற்கைத் தாண்டி மேற்கே வந்தால் தடத்தைக் காணோம். புதிதாக வந்த கம்பெனியின் மதில் பாறையோடு ஒட்டி நின்றது. ஓடையை மதிலுக்கு வெளியே வாய்க்காலாக ஒதுக்கிவிட்டிருந்தார்கள். பாதியில் திரும்பினால் சுற்றியதும் வீண் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பின் கேட்டில் நின்ற காவலாளி தெற்கத்திக்காரர். உள்ளே ஓரமாக நடந்து அந்தக் கோடியில் வெளியே போய்விடுகிறோம் என்று கெஞ்சினேன்.

"முருகன் எனக்கும் சாமிதான் அண்ணாச்சி. உள்ள விட்டா சூப்பர்வைசர் என்னைய ஊருக்கு அனுப்பிருவாரு. மதிலைச் சுத்திப் போயிருங்க."

வேறு வழியில்லை. வாய்க்கால் சேற்றில் செருப்பில்லாத கால் வழுக்க, மதிலை வலப்பக்கம் வைத்து நடந்தோம். மதில் முடிகிற பாடில்லை. ஷெட்டுகளின் கூரை மலையை மறைத்துவிட்டது. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க, மலையே தெரியல. இப்போ எதைச் சுத்திக்கினு கீறோம்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். படிக்கட்டுக்கு வந்து சேரும்போது வெயில் ஏறிவிட்டது. இந்தச் சுற்று சேருமா என்று அடிவாரச் சந்நிதிப் பூசாரியிடம் கேட்டேன். மலை வலப்பக்கம்தானே இருந்தது, தாராளமாகச் சேரும் என்றார்.

"கம்பெனியுந்தான் வலப்பக்கம் இருந்துச்சு" என்றாள் மனைவி. பூசாரி விபூதித் தட்டோடு உள்ளே போய்விட்டார்.

நீ உட்கார், மீதி இரண்டையும் நான் சுற்றிவிட்டு வருகிறேன் என்றேன். வேண்டிக்கொண்டது இரண்டு பேருக்கும்தானே என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

மூன்றையும் முடித்தோம். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அவன் அருள். ஆனால் மதிலோரம் நடந்தபோதெல்லாம் என் வாயில் முருகா என்று ஒரு தடவைகூட வரவில்லை. கம்பெனிக்காரர்களைத் திட்டிக்கொண்டேதான் நடந்தேன். அவள் சுற்றியது அவனைச் சேர்ந்திருக்கும். நான் சுற்றியதைத்தான் சொல்ல முடியவில்லை.