மூன்றாவது வரியில் மாரீஸ்வரி

எங்கள் தொழிலில் திரையில் ஒரு டேபிளை, அதாவது கட்டம் போட்ட பட்டியலை, காட்டுவது அரை நாள் வேலை. அந்த டேபிள் எதை நினைவில் வைக்க வேண்டும், எதை மறக்க வேண்டும் என்று முடிவு செய்வதில்தான் ஆயுசு போகும். ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் வெப் பக்கம் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இது தெரியும். அந்தப் பக்கங்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

திருத்தங்கலில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எழுதுகிறவன் நான். வயது ஐம்பத்து மூன்று. பெரும்பாலும் அச்சகங்களுக்கு எழுதுவேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கும் ஒரு வெப் பக்கம் செய்து கொடுத்தேன். காலையில் எந்த ஆள் எந்த ரூமில் உட்காருகிறார் என்று பதிகிற பக்கம் அது. ஒரு ரூமில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. தீ, கீ என்று ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பட்டியலை வாசித்துத்தான் ஆள் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று பார்ப்பார்கள். அதைச் செய்யும்போது இந்தக் கடைசி வாக்கியத்தின் கனம் எனக்குத் தெரிந்திருந்ததா என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

எழுந்து போனவர்கள்

போர்மேன் சண்முகையா கேட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஆட்களைப் பதிவார். பட்டியலின் முதல் பக்கத்தில் பத்துப் பேருக்கு டிக் போட்டார். இரண்டாம் பக்கம் போய் நான்கு பேருக்குப் போட்டார். சந்தேகத்துக்கு முதல் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தால் அங்கே ஒரு டிக்கும் இல்லை.

காரணம் எளிது. ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் பக்கத்தை அனுப்பிவைக்கிற சர்வர் கம்ப்யூட்டரில் பட்டியல் புதிதாகப் பிறக்கும், பதில் அனுப்பியதும் செத்துப்போகும். முந்தைய தடவை நடந்தது அதற்குத் தெரியாது. நான்தான் அப்படி எழுதியிருந்தேன். செலவில்லாத வழி என்று அதற்குப் பத்து நிமிடம் நியாயமும் சொன்னேன். சண்முகையா பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாஞ் சரி அண்ணாச்சி, நான் உக்கார வச்சிட்டுப் போன ஆளுகள எந்திரிச்சுப் போகச் சொன்னது யாரு?”

காளி மட்டும்

மறதிதானே வியாதி, மறக்காமல் செய்துவிடுவோம் என்று பட்டியலைச் சர்வரில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே இடத்தில் வைத்தேன். டிக் எல்லாம் அப்படியே நின்றது. என் வீட்டில் நான் ஒருவனே உட்கார்ந்து சோதித்ததில் குறையே தெரியவில்லை.

கம்பெனியின் சிவகாசி ஆபீஸில் ஜெயராணி என்று ஒரு பெண். புதிதாகச் சேருகிற ஆட்களின் பெயரைப் பட்டியலில் ஏற்றுவது அவர் வேலை. ஒரு நாள் காலை யாரையோ தேடி, “காளி” என்று கட்டத்தில் அடித்திருக்கிறார். அதே நிமிடம் கேட்டில் சண்முகையாவின் திரையில் நூற்றுச் சொச்சம் பேர் மறைந்துபோய், காளியம்மாள் இரண்டு பேரும் காளிமுத்து ஒருவரும் மட்டும் நின்றார்கள். பட்டியல் பொது என்றால் தேடலும் பொது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஜெயராணி போன் செய்தார்.

“சார், நான் இங்கன காளின்னு தேடுனேன். அங்கன ஃபேக்டரிக்கு இன்னைக்குக் காளி மட்டுந்தான் வந்துருக்காகளான்னு சண்முகையாண்ணே சத்தம் போடுறாக. நான் தேடவா, வேண்டாமா?”

பதினேழாம் ரூம்

அதன் பிறகு பொதுப் பட்டியலைத் தூக்கிப் போட்டேன். அவரவர் போட்ட டிக்கை அவரவருக்கென்று வைத்துக்கொண்டு, பெயர்ப் பட்டியலை மட்டும் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸிலிருந்து புதிதாக எடுக்கச் செய்தேன். புதிதாக எடுத்தது தப்பாக இருக்காது என்று நம்பினேன். நான்கு மாதம் ஒரு புகாரும் வரவில்லை.

பிறகு ஒரு நாள் முற்பகலில் பதினேழாம் ரூமில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த மூன்று பெண்களும் ஓடி வந்துவிட்டார்கள். சண்முகையா லோடு விஷயமாகச் சாத்தூர் போயிருந்ததால் மானேஜர் கேட்டில் நின்று பட்டியலை வாசித்தார். பதினேழில் நான்காவது பெயர் மாரீஸ்வரி. பதில் இல்லை. இரண்டாம் முறை வாசித்தபோது, லோடு ஏற்றிக்கொண்டிருந்த அவருடைய கணவர் கருப்பசாமி காதில் விழுந்தது. யாரும் பிடிப்பதற்குள் அவர் அந்த ரூமுக்குள் போய்விட்டார்.

மாரீஸ்வரி காலையிலேயே மறுகோடியில் இருந்த பேக்கிங் ஷெட்டுக்கு மாறியிருந்தார். சத்தம் கேட்டு அவரே ஓடி வருவதற்குள் கருப்பசாமியின் இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது.

காலையிலேயே மாரீஸ்வரியைக் கம்ப்யூட்டரில் மாற்றிவிட்டதாகச் சண்முகையா சொன்னார். முதலாளி என்னிடம் பதிவை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்தேன். சண்முகையா பேக்கிங்குக்கு மாற்றியது மாரியம்மாளை என்று அதில் இருந்தது. மாரியம்மாளோ ஒன்பதாம் ரூமைவிட்டு எங்கேயும் போகவில்லை. பெயரைச் சரியாகப் பார்க்காமல் அமுக்கியிருக்கிறார் என்று அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். இனி எந்தக் கம்பெனியும் அவரைப் போர்மேனாக வைக்காது என்று பேசிக்கொண்டார்கள். எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. அன்று சாயங்காலம் அவர் போன் செய்தார்.

“நான் அந்தப் பிள்ள பேரப் பாத்துத்தான் அமுக்குனேன் அண்ணாச்சி. உங்க மிசினு எதப் பாத்துச்சுன்னு அதுக்கிட்டக் கேளுங்க.”

ஒரு சுழி

இரண்டு நாள் கேட்காமல் இருந்தேன். பதிவு தெளிவாக இருக்கிறதே, வேறென்ன கேட்க என்று. மூன்றாம் நாள் அதே பதிவைத் திரும்பப் பார்த்தபோது, சண்முகையா அமுக்கியதற்குச் சில விநாடிகள் முன்னால் ஜெயராணி பாண்டியம்மாள் என்று ஒரு புதுப் பெயரைச் சேர்த்திருப்பது கண்ணில் பட்டது.

பட்டியல் பெயர்களின் அகர வரிசையில் இருக்கும். சண்முகையாவின் திரையில் மூன்றாவது வரியில் மாரீஸ்வரி இருந்தார். அந்த வரிக்கு எதிரே இருக்கும் பட்டனை அமுக்கினால் என் வெப் பக்கம் சர்வருக்கு அனுப்புவது “மூன்று” என்ற எண்ணை மட்டும்தான். சர்வர் பட்டியலைப் புதிதாக எடுத்தது. அதற்குள் மேலே பாண்டியம்மாள் நுழைந்துவிட்டதால் எல்லாரும் ஒரு வரி கீழே இறங்கியிருந்தார்கள். இப்போது மூன்றாவது வரியில், முன்பு இரண்டாவதாக இருந்த மாரியம்மாள். சர்வர் அவரைப் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டு, “மாற்றம் பதிவானது” என்று சொன்னது. யாருடைய மாற்றம் என்று சொல்லவில்லை. பெயர்க் கட்டத்தையும் ஒடுக்கமாக வைத்திருந்தேன்; பெயரில் முதல் இரண்டு எழுத்துதான் தெரியும். மாரி, மாரீ. வித்தியாசம் ஒரு சுழி. முன்னால் ஐம்பது பேர் நிற்கும்போது அந்தச் சுழியை யார் பார்ப்பார்கள்?

ஒவ்வொரு ஆளுக்கும் கம்பெனி கொடுத்த நம்பர் ஒன்று இருக்கிறது. வரிசை எண்ணுக்குப் பதிலாக அதை அனுப்பியிருந்தால் போதும். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிறருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். இங்கே நான் செய்யவில்லை.

முதலாளியிடம் போய் என் தப்பு என்றேன். அவர் நம்பவில்லை; சண்முகையாவுக்காகப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்தார். சோதனைப் பட்டியல் ஒன்றை அவர் மேஜையிலேயே திறந்து, ஜெயராணியை ஒரு பெயர் சேர்க்கச் சொல்லிவிட்டு, மூன்றாவது வரியை அமுக்கினேன். வேறு ஆள் மாறினார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். செய்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“கம்ப்யூட்டர் தப்பே செய்யாதுன்னு நீங்கதான சொல்லி வித்தீக. இப்பத் தப்புன்னும் நீங்களே வந்து சொல்றீக. இதுல எந்தச் சொல்ல நான் நம்பணும்?”

போன இடம்

மறுநாளே சண்முகையாவைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்ததும் அவர் ஒவ்வொரு ரூம் வாசலிலும் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டு, உள்ளே போகிறவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுத வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். நான் அந்தப் பக்கத்தைத் திருத்தினேன். ஆள் நம்பர் போகிறது. முழுப் பெயரும் ரூமும் பெரிய எழுத்தில் திரும்ப வருகிறது.

கருப்பசாமியைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட இரண்டு கையையும் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். மாரீஸ்வரி அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். விரல் மடங்க நாளாகும் என்று டாக்டர் சொன்னாராம். நான் சொல்ல வந்ததை எல்லாம் சொன்னேன். வரி, நம்பர், சுழி. மாரீஸ்வரி அடுத்த கவளத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

“கம்ப்யூட்டர்ல நான் இருந்த எடத்துக்கு இவரு போயிட்டாரு சார். நான் இருந்த எடத்துக்குத்தான் ஒருத்தரும் வரல.”

அந்தக் கம்பெனிக்கு நான் இன்னும் எழுதிக் கொடுக்கிறேன், அவர்கள் அதைச் சிலேட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறார்கள், இரண்டு தரப்பும் செய்வது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது.