நிறைஞ்சு கிடக்கு

அன்றைக்கு என் வீட்டுக் குசினியில் அடுப்பைச் சுற்றி இருந்தவர்கள்: அக்கா. அத்தான், அதாவது அக்காவின் புருசன். தங்கச்சி. தங்கச்சியின் பெண் பிள்ளைகள் இரண்டு. என் மகள். நான்.

வராதவர்கள் இரண்டு பேர். என் மனுசி, மகளின் தாய், குவைத்தில் வீட்டு வேலை. போய் நாலு வருசம். மற்றது தங்கச்சியின் புருசன். மேசன் வேலை செய்தவர். ஏணியில் இருந்து விழுந்து கால் முறிந்து, பாலையூற்றில் தங்கள் வீட்டுக் கட்டிலில் கிடந்தார். ஒரு மாதம் கடந்திருந்தது.

கார்த்திகை மாதம். கடல் சரியில்லை. எங்கள் ஊர் சல்லியில் மீன்பிடி வள்ளமெல்லாம் கரையில். என்னுடையதும் கரையில். மழை விடாதபடியால் கருவாடும் காயவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். சமையல் மனுசி போன பிறகு பழகினது. முதல் மாதம் இரண்டு பானை கருக்கினேன். சவர்க்காரம் கிழமைக்கு ஒன்று போனது. பிறகு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். இப்போது அயல் வீட்டுப் பெண்களே மகளிடம் கேட்கிறார்கள், உங்கட அப்பாவுக்கு மட்டும் காஸ் எப்படி இவ்வளவு நாள் வருது என்று.

சாப்பாட்டோடு அந்தக் கதைதான் வந்தது. நான் சொன்னேன். சோறு நல்லாய் ஒரு கொதி கொதித்ததும் அடுப்பை நிப்பாட்ட வேண்டும். பானையை மூடி, பழைய சாக்கால் சுற்றி வைத்தால் அரை மணித்தியாலத்தில் தானாக வெந்துவிடும். சவர்க்காரம் வாங்கினால் உறையைக் கழற்றி அலுமாரிக்கு மேலே இரண்டு கிழமை காயவிட வேண்டும். காய்ந்தது கெதியில் கரையாது. எல்லாரும் ஒரே நேரம் சாப்பிட்டால் கறியை ஒருக்கால் சூடாக்கினால் போதும். பிள்ளைகளோடு கதைக்கவும் அதுதான் நேரம். ஏச்சு மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு.

அக்கா கருவாட்டுத் தலையை எறியக்கூடாது என்றாள். வறுத்து இடித்தால் இரண்டு நாள் சம்பல். அத்தானுக்கு ஒரு விசயம்தான் தெரியும். கடைக்குப் போகும்போது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டுமாம்.

பிடியரிசியும் சொன்னேன். உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி அள்ளி வேறு டின்னில் போடுவது. பானையில் அந்தக் குறை தெரியாது. டின்னில் தெரியும். வண்டு வராமல் இரண்டு செத்தல் மிளகாய் போட்டு வைப்பேன். மாதம் ஒருக்கால் பழசை உலைக்கு எடுத்துப் புதுசை மாற்றுவேன். என் டின் பெரிய பிஸ்கட் டின். மனுசி வந்து இறங்குகிற அன்று அம்மன் கோயிலில் பொங்க என்று நேர்ந்து வைத்தது. குறைய விடுவதில்லை.

அக்கா சிரித்தாள். "தம்பி, உன்ர வீட்டு எலி பட்டினி தாங்க ஏலாமல் பாலையூற்றுக்குக் குடிபோயிட்டுதாம்."

"வந்தது அக்கா," என்றாள் தங்கச்சி. "எங்கட குசினியையும் ஒருக்காப் பாத்திட்டுத் திரும்பிப் போயிட்டுது."

எல்லாரும் சிரித்தோம். அத்தானுக்குப் புரையேறியது. சின்னப் பிள்ளை மூன்றாம் தரமும் சோறு கேட்டது. தங்கச்சி பிள்ளையைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அக்கா கவனிக்காமல் போட்டுக் கொடுத்தாள்.

போகும்போது படலையடியில் தங்கச்சியைத் தனியே கேட்டேன். மச்சானுக்கு வேலை இல்லை. பிள்ளைகள் இரண்டு. வீட்டில் அரிசி சாமான் இருக்கோ என்று.

"அதெல்லாம் நிறைஞ்சு கிடக்கு, அண்ணா."

சரி என்றேன். வேலை தந்த ஆள் ஏதும் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிடியரிசியை மறந்து போகாதே என்று வேறு சொல்லி அனுப்பினேன்.

புதன்கிழமை காலை அக்கா போன் எடுத்தாள். ரவுனுக்குப் போகிறாயோ என்று கேட்டாள்.

"மா நிறைஞ்சுது தம்பி. வரேக்க ரெண்டு கிலோ வாங்கிக்கொண்டு வா."

ஓம் என்று வைத்தேன். சைக்கிளை எடுத்தேன். பிறகு நிப்பாட்டினேன்.

எங்கள் வீட்டில் குசினிச் சாமானை இல்லை என்று சொல்வதில்லை. முடிந்தது என்றும் சொல்வதில்லை. சொன்னால் இல்லாமலே போய்விடும் என்று அம்மா பயப்படுவா. உப்பு முடிந்தால் உப்பு நிறைஞ்சுது. அரிசி முடிந்தால் அரிசி நிறைஞ்சுது. கடைக்காரருக்கும் விளங்கும். அக்காவும் தங்கச்சியும் இன்றைக்கும் அப்படித்தான். என் வீட்டில் அந்தச் சொல் நின்றுவிட்டது. மகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. "அப்பா, சீனி முடிஞ்சுது" என்பாள். நாலு வருசமாக நான் கேட்பது அதுதான். அதனால் தங்கச்சி நிறைஞ்சு கிடக்கு என்றதும், கேட்டபடியே எடுத்துக்கொண்டேன்.

திருப்பி அக்காவுக்கு எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி சொன்னதைச் சொன்னேன்.

"எலிக் கதை சொன்னவளடா," என்றாள் அக்கா. "நாங்கள் சிரிச்சனாங்கள்."

பிஸ்கட் டின்னை எடுத்துச் சைக்கிள் கரியரில் வைத்துக் கயிற்றால் கட்டினேன். மேலே ஒரு பொலித்தீன். மழை தூறிக்கொண்டிருந்தது. பாலையூற்றுக்குப் போய்ச் சேர மணி பதினொன்று.

தங்கச்சி தாழ்வாரத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள். கரியரைப் பார்த்தாள். தேத்தண்ணி ஊற்றட்டோ என்றாள். வேண்டாம் என்றேன். அரிசி எவ்வளவு இருக்கு என்று கேட்டேன்.

"நிறைஞ்சு..." என்று தொடங்கினாள்.

"எவ்வளவு எண்டு கேட்டனான்."

உள்ளே போனாள். ஒரு பால்மா டின்னைக் கொண்டு வந்து திறந்து காட்டினாள். அடியில் கொஞ்ச அரிசி. மேலே இரண்டு செத்தல் மிளகாய்.

"நீங்கள் சொன்னமாதிரித்தான் அண்ணா. திங்கள் ஒரு பிடி. செவ்வாய் ரெண்டு நேரத்துக்கு ரெண்டு பிடி."

"மற்ற டின்?"

"அது நேற்று இரவோட சரி."

மூன்று பிடி. நாலு பேர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்கு வருவார்கள். இருந்ததிலும் நான் சொன்னேன் என்று பிடி எடுத்து வைத்திருக்கிறாள். பிஸ்கட் டின்னை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தேன்.

உள்ளே கட்டிலில் இருந்து மச்சான் குரல் கொடுத்தார். சொல்ல வேண்டாம் என்று தான்தான் மறித்ததாகவும், அவளை ஏச வேண்டாம் என்றும் சொன்னார். நான் ஏசவில்லை. கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கால் எப்படி என்றேன். கடிக்குது என்றார், மாவுக்கட்டுக்குள் சொறிய ஏலாதாம். ஈர்க்கு ஒன்று முறித்துக் கொடுத்தேன். அதற்குள் விடவேண்டாம், விட்டால் புண் வரும் என்று தங்கச்சி குசினியில் இருந்தே சத்தம் போட்டாள். ஈர்க்கைத் திருப்பி வாங்கினேன்.

உலை வைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவடிக்கு வந்தாள். கையில் ஒரு பழைய சாக்கு.

"கொதிச்சிட்டுது. நிப்பாட்டிச் சாக்கால சுத்தட்டோ?"

"இண்டைக்கு வேண்டாம். நல்லா எரியவிடு."

பிள்ளைகள் வரும்வரை இருந்தேன். நானும் அங்கேயே சாப்பிட்டேன். பருப்பு, சோறு. போகும்போது வெறும் டின்னைக் கேட்டு வாங்கினேன். அக்காவின் மாவை அன்றைக்கு வாங்க மறந்துவிட்டேன். அவள் அதைப் பிறகும் கேட்கவில்லை. அடுத்த நாள் அத்தான் மோட்டார் சைக்கிளில் அரை மூட்டை அரிசியும் தேங்காய் பத்தும் பாலையூற்றில் இறக்கினார்.

மனுசிக்கு வெள்ளிக்கிழமை போனில் சொன்னேன். நேர்த்தி அரிசியை எடுத்துவிட்டேன் என்று. அவ கேட்டது ஒன்றுதான், பிள்ளைகள் சாப்பிட்டார்களோ என்று. ஓம் என்றேன்.

"அம்மனுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். நீங்கள் டின்னைக் கழுவி வெயில்ல வையுங்கோ."

வெயில் இல்லை. அடுப்படியில் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் முதல் பிடி போட்டேன்.

இப்போதும் யாரும் வீட்டு விசயம் கேட்டால் சாக்கு, சவர்க்காரம், பிடியரிசி எல்லாம் சொல்கிறேன். கடைசியில் இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் ஆட்களிடம் இருக்கோ என்று கேட்காதீர்கள். எத்தனை என்று கேளுங்கள். இருக்கோ என்றால் ஓம் என்பார்கள். எத்தனை என்றால் எழும்பிப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். எங்கள் வீட்டு வழக்கத்துக்கும் அது பிழை இல்லை. இல்லை என்ற சொல் அதில் வராது.

ஒவ்வொரு புதனும் தங்கச்சிக்கு எடுக்கிறேன். எத்தனை சுண்டு என்று கேட்பேன். சுண்டு என்பது அவள் அரிசி அளக்கிற சின்னத் தகரப் பேணி. முதல் கிழமை கோவித்தாள். இப்போது நான் வாய் திறக்க முன்னமே டின்னடிக்குப் போய்விடுகிறாள்.

இன்று காலையும் எடுத்தேன். மழை விட்டிருந்தது. மச்சான் பொல்லை ஊன்றிக்கொண்டு முற்றம் வரைக்கும் நடக்கிறாராம். எத்தனை என்று கேட்டேன். மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அளந்து அளந்து கொட்டுகிற சத்தம். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

பதினேழு.