யார் முதலில் கையெழுத்துப் போடுவது?

பேங்க் கவுன்டரில் உட்கார்ந்தவளுக்குப் பணத்தைவிடச் சந்தேகத்தோடுதான் வேலை அதிகம். என்னைப்போல் மாட்டிக்கொண்ட புண்ணியவான்களே, உங்களுக்குத் தெரியாததா!

டெபாசிட் போட்ட அன்று

சேகருக்குத் தவளக்குப்பத்தில் டயர் கடை. மல்லிகாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை. விவாகரத்து ஆன கையோடு, மகள் நிவேதாவின் காலேஜ் செலவுக்கு ஆளுக்குப் பாதி டெபாசிட் போட வந்தார்கள். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்றேன். ரெண்டு பேருக்கும் அப்படியொரு சந்தோஷம்! மல்லிகா முதலில் கிளம்பினார். சேகர் குனிந்து சொன்னார்: "அவ மட்டும் தனியா வந்தா எனக்கு ஒரு போன் போட்டுடுங்க மேடம்."

அடிக்கடி வந்த மல்லிகா

போன் போடுவதென்றால் மாசாமாசம் போட வேண்டும், மல்லிகா அப்படித் தவறாமல் வந்தார். "டெபாசிட் இருக்குதுங்களா?" எனக்குக் கடுப்பு. "உங்க கையெழுத்து இல்லாம எங்கம்மா போயிடும்?" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார்: "என் கையெழுத்து அவருக்கு நல்லாவே வரும் மேடம். பொண்ணு ரேங்க் கார்டுல எத்தினி தடவ போட்டிருக்காரு!"

அன்றிலிருந்து எனக்கும் சேகர்மேல் ஒரு கண்.

ஃபீஸ் கட்டும் நாள்

நிவேதாவுக்கு நர்சிங் சீட் கிடைத்தது. சாயங்காலத்துக்குள் கட்டாவிட்டால் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். மூவரும் வந்தார்கள். படிவத்தை நீட்டினேன். "அவ போடட்டும்" என்றார் இவர். "அவர் போடட்டும்" என்றார் அவர். தொகை, காலேஜ் பெயர் எல்லாம் எழுதியாச்சே, இன்னும் என்ன பயம்? முதலில் போட்டவர் ஏமாளியாம்! நிவேதா கடிகாரத்தையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு வந்ததே கோபம்! ஒரே படிவத்தை இரண்டு பிரின்ட் எடுத்து, ஆளுக்கொரு மேஜையில் உட்கார வைத்து, ஒரே நேரத்தில் போடச் சொன்னேன். பிறகு மாற்றிக் கொடுத்தேன். இரண்டிலும் இருவர் கையெழுத்தும் விழுந்ததும் ஒன்றைக் கிழித்துப் போட்டேன். பணம் காலேஜுக்குப் போய்ச் சேர்ந்தது. சேகர் எழுந்திருக்கவில்லை. "அது அவ கையெழுத்துதானான்னு இன்னொரு வாட்டி பாத்துக்குங்க மேடம்."

மகள் வந்தாள்

அடுத்த வாரம் நிவேதா மட்டும் வந்தாள். தன் பேரில் தனிக்கணக்கு வேண்டுமாம். அடிப்பாவி, இவளுமா என்று நினைத்துக்கொண்டே, "நாமினி யாரு, அப்பாவா, அம்மாவா?" என்றேன். பேனாவை மூடிவிட்டாள். பாவமாக இருந்தது. "யாருமே வேணாம் மேடம். ஒருத்தர் பேரைப் போட்டா இன்னொருத்தர் என்கூடப் பேச மாட்டாங்க."

அன்று வீட்டுக்குப் போனதும், என் வீட்டுக்காரரோடு இருக்கும் ஜாயின்ட் அக்கவுண்டைப் போனில் ரகசியமாகத் திறந்து பார்த்தேன், எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.