மைக் இல்லாத ஜெபம்

எங்கள் சபையில் ஜெபிக்க ஆள் தேடவே வேண்டாம். பஞ்சர்க்காரர் இருந்தார். தெருமுனையில் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை அவருடையது. அங்கே நாள் முழுக்க முட்டி போட்டுத்தான் வேலை. டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிற இடத்தில் விரலை வைத்து, "இங்கதான் போகுது பாருங்க" என்பார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு மைக்கைப் பிடித்துவிட்டால் ஆள் நிமிர்ந்துவிடுவார். "தூளும் சாம்பலுமான நாங்கள்" என்று தொடங்குவார். தூளையும் சாம்பலையும் அத்தனை கம்பீரமாகச் சொல்ல வேறு யாராலும் முடியாது. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்த பெண்கள் நெளிவார்கள். நானும் ஒற்றைக் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்ப்பேன். ஆனாலும் வீட்டில் யாராவது நோயில் விழுந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவோம். அது அவருக்கும் தெரியும். கோளாறே அதில்தான்.

அவருடைய தங்கை புருஷன் குடியை விட்டுவிட்டு, தங்கையோடு ஆராதனைக்கு வர ஆரம்பித்திருந்தார். கடைசி பெஞ்சில் கதவோரமாக உட்காருவார். யாராவது கை கொடுத்தால், தன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் நீட்டுவார். அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் தடுமாறி மறுபடி குடித்துவிட்டார். தங்கை கடைக்கு வந்து அண்ணனிடம் மட்டும் சொன்னாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதண்ணே. ஜெபம் மட்டும் பண்ணு."

அண்ணன் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஜெபம்தான் பண்ணினார். அந்த ஞாயிறே, மைக்கில்.

"என் தங்கை வீட்டுக்காரர் மறுபடியும் பழைய சேற்றில் விழுந்துவிட்டார், ஆண்டவரே. இந்தப் பாவியைத் தூக்கிவிடும். எங்களையெல்லாம் இந்தப் பழக்கம் அண்டாமல் காத்தீரே, அதற்காக ஸ்தோத்திரம்."

கண்ணை மூடியிருந்த சபை மொத்தமும் கண்ணைத் திறந்து கடைசி பெஞ்சைப் பார்த்தது. அந்த மனுஷன் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜெபித்தவருக்கு எதுவும் தெரியாது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விட்டார்.

வாசலில் தங்கை மடக்கினாள்.

"நான் ஜெபம்தானேம்மா பண்ணேன்" என்றார் அவர்.

"நீ ஆண்டவர்கிட்டயா பேசின? அவருக்கென்ன காதா கேக்காது, மைக்ல சொல்றதுக்கு?"

அவருக்கு முகம் செத்துப்போனது. அன்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தார். "தூளும் சாம்பலுமான" என்று வாய் தானாக ஓடியது. தன் குரல் தன் காதுக்கே இனிமையாக இருந்ததைக் கவனித்தபோது அவருக்கு அருவருத்துவிட்டது. இத்தனை காலம் தாழ்மையைக்கூடப் பெருமையாகத்தானே சொல்லியிருக்கிறோம் என்று கூசிப்போய் எழுந்துவிட்டார். அந்த வாரம் சாப்பாட்டுக்குக்கூட அவர் ஜெபிக்கவில்லை என்று அவர் மனைவி என் வீட்டுக்காரியிடம் சொன்னார்.

சனிக்கிழமை தங்கை புருஷனே பைக்கைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். பின் டயரில் காற்றில்லை, பக்கத்தில் வேறு கடையும் இல்லை. நான் அப்போது அங்கே காற்றடிக்க நின்றிருந்தேன். இவர் முட்டி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். கழற்றியவர் எழவே இல்லை.

"மாப்பிள்ளை, நான் பண்ணது பெரிய தப்பு. என்னை மன்னிச்சிருங்க."

"விடுங்க மச்சான். நீங்க சொன்னது பொய்யில்லையே." உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "குடிச்ச அன்னைக்கு நானும் ஜெபம் பண்ணேன். வெக்கமா இருக்கு ஆண்டவரேன்னு சொன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் வரல. அதையும் அவர் கேட்டாருன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். இனிமே சபைக்குள்ள வர எனக்குத் தெம்பு இல்ல. உங்க தங்கச்சியை வாசல்ல கொண்டுவந்து விட்டுட்டுப் போயிடுவேன்."

பஞ்சர்க்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கினார். குமிழி வந்த இடம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நான்தான் விரலை வைத்துக் காட்டினேன்.

மறுநாள் போதகர் வழக்கம்போல அவரைத்தான் ஜெபிக்கக் கூப்பிட்டார். நாங்கள் நீண்ட ஜெபத்துக்குத் தோதாகச் சாய்ந்துகொண்டோம். அவர் மைக் பக்கம் போகவில்லை. இருந்த இடத்திலேயே, கடையில் போடுவதுபோல முட்டி போட்டார்.

"ஆண்டவரே, போன வாரம் நான் பேசினது உங்ககிட்ட இல்ல. வெக்கமா இருக்கு. அவர் ஜெபத்தைக் கேட்ட மாதிரி என் ஜெபத்தையும் கேளுங்க. உங்களை விட்டா எனக்குப் போக இடமில்ல."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது என்றே யாருக்கும் புரியவில்லை. அப்போது வாசலுக்கு வெளியே, பைக் நிறுத்துகிற இடத்திலிருந்து, தயங்கின ஒரு குரல் "ஆமென்" என்றது.

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பஞ்சர்க்காரர் மட்டும் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அவருக்கு முகமில்லை.