லூர்துபிரகாஷ் காப்பாற்றிய சத்தியம்

லூர்துபிரகாஷுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அப்புறம் கையில் இருக்கிற ஸ்பானர் எங்காவது பறக்கும். ரெட்டியார்பாளையத்தில் ஏசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். "ஃபில்டரக் கழுவி எத்தினி மாசம் ஆச்சு? இது மிஷினா, குப்பத்தொட்டியா?" என்று வீட்டுக்காரரையே அதட்டிவிட்டுத்தான் ஏணியில் ஏறுவான். ஆனாலும் வேலை சுத்தம் என்பதால் அடுத்த கோடைக்கும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். அவன் மனைவி ஜெர்லினைக் கேட்டால் வேறு கதை. "கோவம் இருக்கிற எடம் நல்லாத் தெரியுது. கொணத்ததான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தேடிக்கினு இருக்கேன்" என்பாள்.

அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமை. மாதாவுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறாதவன் என்பது.

ஏசி வேலைக்கு வருவதற்கு முன்னால் அவனும் அவன் தம்பி லூயிஸும் பலராமன் என்கிற காண்டிராக்டரிடம் இருந்தார்கள். ரிசார்ட்டுகளுக்கு லைட்டும் ஸ்பீக்கரும் கட்டுகிற வேலை. கிறிஸ்துமஸிலிருந்து புதுவருஷம் வரை தூக்கம் என்பதே கிடையாது. ஊரான் பிள்ளை ஆடித் தீர்ப்பதற்கு இவர்கள் கம்பத்தில் தொங்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் பலராமன் காகிதத்தில் மடித்து ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்தான். "டீ மாதிரிதாண்டா, தூக்கம் கிட்ட வராது" என்றான். அதன் பெயர் மெத்தபெட்டமைன் என்று பிற்பாடு பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

விஷயம் அம்மா சூசைமேரியின் காதுக்குப் போனது. அவள் அடிக்கவில்லை, அழவில்லை. இரண்டு பேரையும் மாதா கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்ற வைத்து, பீடத்தின் படியில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். அந்த வீட்டில் மாதா சத்தியம் என்றால் கோர்ட்டு தீர்ப்புக்கும் மேலே. மீறினவன் மறுபடியும் அதே படியில் முட்டி போட்டு, அதே சத்தியத்தைத் திரும்பச் செய்யும் வரை வீட்டுப்படி ஏறக் கூடாது. அப்பா காலத்துக் குடிகாரச் சித்தப்பாவிலிருந்து வருகிற சட்டம் அது.

லூர்துபிரகாஷ் அதற்கப்புறம் பொடியைத் தொடவே இல்லை. லூயிஸ் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முடிவதற்குள் மீறிவிட்டான்.

அண்ணன்காரன்தான் அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினான். அவனிடம் இருந்த வீட்டுச் சாவியைப் பிடுங்கித் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டான். லூயிஸ் அப்பப்போ கேட்டுக்கு வெளியே வந்து நிற்பான். "வா, வந்து முட்டி போட்டுச் சத்தியம் பண்ணு. பண்ணிட்டு உள்ள வா" என்பான் இவன். "மறுபடியும் மாதாகிட்ட பொய் சொல்ல மாட்டேண்ணா. என்னால முடியாதுன்னு எனக்கே தெரியும்" என்பான் லூயிஸ். அந்தப் பதில்தான் லூர்துபிரகாஷுக்கு அடிவயிற்றிலிருந்து எரிச்சலைக் கிளப்பும். முடியாதாமே! நான் செய்யவில்லையா?

அதை அவன் கோயில் மன்றத்து மேடையிலேயே சொல்ல ஆரம்பித்தான். அந்தக் கோயில் பங்கில் வருஷாவருஷம் போதை ஒழிப்பு ஞாயிறு நடத்துவார்கள். இளைஞர் சங்கத்துப் பிரேம்குமார் மைக்கைக் கொடுத்ததும் இவன் முழங்குவான். "அந்த ருசிய நானும் கண்டவன்தான். கண்டும் ஒதறிட்டு வந்தேன். மனசு வெச்சா யாருக்கும் முடியும். முடியாதுன்னு சொல்றவன் சோம்பேறி. அவனுக்குச் சோறு போடாதீங்க, கதவத் தொறக்காதீங்க. தன்னால புத்தி வரும்." கைதட்டல் அள்ளும். இந்த வருஷம் சால்வை போர்த்தப் போவதாகப் பிரேம்குமார் சொல்லியிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. லூயிஸ் தானாகவே வந்து படுத்திருக்கிறானாம், சில வாரமாகச் சிகிச்சையாம், வீட்டிலிருந்து யாராவது வந்து டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். சூசைமேரி செருப்பைத் தேடினாள். "நீ ஒக்காரு. நான் போய் நாலு வார்த்த கேட்டுட்டு வரேன்" என்று இவன் வண்டியை எடுத்தான்.

டாக்டர் இனியாவுக்குச் சின்ன வயசு. மேசைமேல் பாதி சாப்பிட்ட டிபன் டப்பா மூடாமல் கிடந்தது. லூர்துபிரகாஷ் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"நீங்க மருந்து குடுப்பீங்க. புத்தி குடுப்பீங்களா? மாதா மேல பண்ண சத்தியத்தையே மீறினவன். ரெண்டு பேரும் ஒரே பொடியத்தான் எடுத்தோம், ஒரே நாள்லதான் சத்தியம் பண்ணோம். நான் உட்டேன். அவன் உடல. இதுல மருந்துக்கு இன்னா வேலை?"

"நீங்களும் எடுத்தீங்கன்னு லூயிஸ் சொன்னாரு. அன்னிக்கு ஒங்களுக்கு எப்பிடி இருந்துச்சு?"

இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவனை இதைக் கேட்டதில்லை. மேடையில் சொல்லும் வசனம் நாக்கு வரைக்கும் வந்து, அந்தப் பெண் முகத்தைப் பார்த்ததும் நின்றுபோனது.

"கருமம்" என்றான். "நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிச்சு. ஒடம்பெல்லாம் வேர்த்து ஊத்துச்சு. செத்துடுவேன்னே நெனைச்சேன். ஸ்பீக்கர் பொட்டிக்குப் பின்னால போய் வாந்தி எடுத்தேன்."

"மறுபடியும் எடுக்கணும்னு ஆசையா இருந்துச்சா?"

"அதுக்கு யாராச்சும் ஆசப்படுவாங்களா?"

"ஒங்க தம்பி ஆசப்பட்டாரே."

அவன் காது சிவந்தது. டாக்டர் டிபன் டப்பாவை மூடிவிட்டுப் பேசினாள். "மூளையில டோபமைன்னு ஒண்ணு சுரக்குது. சோறு ருசிச்சா, யாராச்சும் மெச்சினா, நெனைச்சது நடந்தா சுரக்கும். சுரந்தா மட்டும் போதாது, அத வாங்கிக்கிற எடம் வேணும். ரிசப்டர்னு சொல்வோம். அது எல்லாருக்கும் ஒரே அளவு இருக்கிறதில்ல. போதப்பழக்கமே இல்லாதவங்களுக்கு, ஆராய்ச்சிக்காக, இந்தப் பொடி வகையச் சேந்த ஒரு மருந்த ஏத்திப் பாத்திருக்காங்க. ஒரே மருந்துதான். சில பேரு நல்லாருக்குன்னாங்க. சில பேரு ஐயோ வேணாம்னாங்க. ஸ்கேன்ல பாத்தா, நல்லாருக்குன்னவங்களுக்கு வாங்கிக்கிற எடம் கம்மியா இருந்துச்சு. வேணாம்னவங்களுக்கு ஜாஸ்தி."

"அதனால?"

"பொடி அந்த டோபமைன வெள்ளமாக் கொண்டாந்து கொட்டுது. ஒங்களுக்கு மூச்சு முட்டிப் போச்சு. கம்மியா இருக்கிறவங்களுக்கு அன்னிக்குத்தான் வயிறு நெறைஞ்ச மாதிரி இருக்கும். எடுக்க எடுக்க இருக்கிற அந்த எடமும் கொறையும். அப்புறம் சோறு, பாட்டு, சினிமா எதுவும் ஒறைக்காது. தம்பி மூளைய நான் ஸ்கேன் பண்ணல. இது ஒண்ணுதான் காரணம்னும் சொல்ல மாட்டேன். ஆனா அவரு சோம்பேறி இல்லீங்க."

"அப்ப நான் காப்பாத்துன சத்தியம்?" குரல் வராந்தா வரை கேட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"அதக் காப்பாத்த நீங்க எவ்ளோ கஷ்டப்பட்டீங்க?"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "மாதாவுக்கு ஏத்தின மெழுகுவத்திய ஒங்க மிஷின வெச்சு ஊதி அணைக்கப் பாக்கறீங்களா?" என்று கத்தினான். டாக்டர் எழுந்திருக்கவில்லை. "ஞாயித்துக்கெழம டிஸ்சார்ஜ் பண்ணணும். வீடு இருந்தா தேற வழி இருக்கு, மாசக்கணக்குல ஆவும். இல்லன்னா அவருக்கு இருக்கிற ஒரே எடம் இத்தன நாளு கெடந்த பலராமன் கொட்டாய். நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"ஞாயித்துக்கெழம எனக்கு வேல இருக்கு" என்று சொல்லிவிட்டு, தம்பி படுத்திருந்த வார்டுப் பக்கம் திரும்பாமலே இறங்கி வந்தான்.

வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனான். சிக்னலைத் திட்டினான், குறுக்கே வந்த ஆட்டோவைத் திட்டினான், படித்த திமிர் என்று டாக்டரைத் திட்டினான். என்ன திட்டி என்ன? அன்றைக்கு அவன் வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தபோது, லூயிஸ் கம்பத்தின் உச்சியில் இருந்தான். சிரித்துக்கொண்டே கீழே பார்த்து, "அண்ணா, இன்னிக்குத்தாண்ணா எனக்கு உசுரு இருக்கிற மாதிரியே இருக்கு" என்று கத்தினான். சின்ன வயசிலிருந்தே கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி எடுத்தாலும் "நல்லாருக்கு" என்று சொல்லி மடித்து வைத்துவிடுகிற பையன். மந்தம் என்று இவன்தான் அவனுக்குப் பெயர் வைத்தான். மேடையில் இவன் சொல்லாமல் விட்டது இதை. வாந்தியையும்தான்.

அந்த இரண்டு நாளும் வீட்டில் யாரும் அவன் கிட்டே போகவில்லை. சூசைமேரி மட்டும் ஒரு தடவை, "புள்ளைய எப்ப உடறாங்களாம்?" என்று கேட்டாள். "கேக்காத" என்றான்.

ஞாயிறு பூசை முடிந்து மன்றத்து வாசலில் ஒரு அம்மாள் அவனை மறித்தாள். ஆயம்மா என்று பெயர், முதலியார்பேட்டை, மில்லில் வேலை பார்த்த குடும்பம். பங்கைச் சேர்ந்தவள் இல்லை. போன வருஷம் அவன் பேச்சைக் கேட்க யாரோ கூட்டிவந்திருக்கிறார்கள்.

"தம்பி, நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். சோறு போடல. கதவத் தொறக்கல. ரெண்டு நாளு கதவத் தட்டிக்கினே இருந்தான் எம்புள்ள முகிலன். அப்புறம் தட்டல. அதுக்கப்புறம் வரவே இல்ல. புத்தி வந்துச்சான்னு கேக்கக் கூட ஆளக் காணோம். இன்னும் இன்னா செய்யணும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் கிண்டல் பேசவில்லை. நிஜமாகவே கேட்டாள். அதுதான் அவனைக் கொன்றது. பதில் சொல்வதற்குள் பிரேம்குமார் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போய்விட்டான்.

சால்வை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். லூர்துபிரகாஷ் மைக்கைப் பிடித்தான். காது சிவந்திருந்தது.

"அந்த ருசிய நானும் கண்டவன்தான்னு வருஷாவருஷம் சொன்னேன். பொய். எனக்கு அது ருசிக்கவே இல்ல. வாந்தி எடுத்தேன். வேப்பெண்ணெயக் குடிக்க மாட்டேன்னு ஒருத்தன் சத்தியம் பண்ணா அவனுக்குச் சால்வ போத்துவீங்களா? எனக்குப் போத்தியிருக்கீங்க!"

பிரேம்குமார் பக்கத்தில் வந்து, "அண்ணா, சாமியார் பாக்குறாரு" என்றான்.

"பாக்கட்டும்! என் தம்பிக்கு அது ருசிச்சுது. அவன் மண்டையில ரிசப்டர் கொறைச்சலா இருக்கலாம்னு டாக்டரம்மா சொல்லுது. எனக்கு அது முழுசா வெளங்கல. ஆனா ஒண்ணு வெளங்கிச்சு. நான் ஒரு நாள் கூடக் கஷ்டப்படல. அவன் தெனம் கஷ்டப்பட்டான். கஷ்டப்பட்டவனத் தொரத்திட்டு, கஷ்டப்படாதவன் ஒங்களுக்கு உபதேசம் பண்ணேன். நீங்களும் கை தட்டினீங்க. அதக் கேட்டு இந்தம்மா பெத்த புள்ளைக்குக் கதவச் சாத்திட்டு நிக்கிறாங்க. யாரச் செருப்பால அடிக்கிறது? கொட்டாயில பொடிய மடிச்சிக் குடுத்தானே பலராமன், அவன இந்த மேடையில யாராச்சும் ஒரு வார்த்த சொன்னோமா?"

சால்வையை நாற்காலிமேல் போட்டுவிட்டு இறங்கினான். ஆயம்மாவைப் பார்த்து, "வண்டில ஏறுங்க" என்றான்.

ஆஸ்பத்திரி வாசலில் லூயிஸ் ஒரு பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அண்ணனைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான், அடி விழும் என்று நினைத்தவனைப் போல ஓரமாக நின்றான். ஆயம்மா தன் மகனைப் பற்றிக் கேட்டாள்.

"முகிலனா? பலராமன் கொட்டாயிலதாம்மா இருந்தான், கருவடிக்குப்பத்துல. நான் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னிக்குக் கூட அங்கதான் படுத்திருந்தான். நான் வந்து காட்டறேன்."

"நீ அந்தப் பக்கம் தலை வெச்சுக் கூடப் படுக்கக் கூடாது!" லூர்துபிரகாஷ் உறுமினான். சாவிக்கொத்தை எடுத்தான். அந்தப் பழைய சாவி வளையத்தில் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டு வரவில்லை. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே பிடுங்கித் தம்பியின் கையில் வைத்தான். "ஆட்டோ புடிச்சு வீட்டுக்குப் போ. அம்மா பாத்துக்கினு இருக்கும்."

"கோயில்ல முட்டி போடணுமாண்ணா?"

"ஒண்ணும் வேணாம். போய்ச் சோறு தின்னு."

லூயிஸ் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஆட்டோவில் ஏறுகிற வரை இவன் வண்டியைக் கிளப்பவில்லை.

அப்புறம் கருவடிக்குப்பம் பக்கம் திருப்பினான். பின்னால் உட்கார்ந்திருந்த ஆயம்மா, "புள்ளையப் பாத்தா இன்னா சொல்றது?" என்று கேட்டாள்.

"கதவு தொறந்து இருக்குதுன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஆயம்மா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி வலித்தது.

"இத போன வருசமே சொல்லியிருக்கக் கூடாதாடா பாவி" என்றாள்.

முதல் தடவையாக லூர்துபிரகாஷுக்குத் திருப்பிக் கோபப்பட ஆளில்லை, தன்னைத் தவிர.